கலோரி ஆப் புதிதாகப் பயன்படுத்துகிறீர்களா? யாரோ போட்ட கணக்கை விட்டுவிட்டுச் சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ளும் வழி

டாக்டரோ டயட்டீஷியனோ ஜிம் டிரெய்னரோ, "சாப்பிடுவதையெல்லாம் ஒரு ஆப்பில் குறித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருப்பார். நீங்களும் ஒரு ஆப்பை இறக்கி, தேடும் பெட்டியில் 'இட்லி' என்று அடித்திருப்பீர்கள். வரிசையாகப் பல இட்லிகள் வந்து நிற்கும். ஒன்றில் 40 கலோரிகூட இருக்காது, இன்னொன்றில் 100ஐத் தாண்டியிருக்கும். எது சரி என்று அங்கே யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பிரபலமான பல ஆப்களில் பட்டியலின் பெரும்பகுதியைச் சேர்ப்பது உங்களையும் என்னையும் போன்ற பயனர்கள்தான். ஒருவர் தன் வீட்டுச் சின்ன இட்லியைப் போட்டிருப்பார், இன்னொருவர் ஹோட்டல் இட்லியை. மூன்றாமவர் மனதுக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

சர்க்கரைக்காக மாவுச்சத்தை எண்ணத் தொடங்கி, இந்தப் பட்டியல்களுக்குள் வெகுநாள் அல்லாடிய பிறகுதான் கீழே இருக்கும் முறைக்கு வந்தேன். நீங்கள் அத்தனை நாள் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முறை எளிது. சமைத்த பதார்த்தத்தை ஆப்பில் தேடக் கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பச்சைப் பொருளாக, நம்பத்தக்க மூலத்திலிருந்து எண்களை எடுத்து உங்கள் வீட்டுக்கென்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். யோசித்துப் பார்த்தால் ஒரு வீட்டில் மாற்றி மாற்றிச் சமைப்பது முப்பது நாற்பது வகைதான். அவற்றை ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் அப்புறம் தேடவே வேண்டியதில்லை.

(இனி 'கலோரி' என்று எழுதுவதெல்லாம் கிலோ கலோரிதான். லேபிளிலும் ஆப்பிலும் வருவது அதுவே.)

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

முதல் செலவு கிச்சன் தராசு. 5 கிலோ வரை தாங்குவதாகவும் 1 கிராம் துல்லியம் உள்ளதாகவும் பாருங்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பாத்திரத்தை வைத்துவிட்டு எண்ணைப் பூஜ்ஜியமாக்கும் 'டேர்' பட்டன் கட்டாயம் வேண்டும். வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அகலமான பாத்திரம் வைத்தால் திரை மறைந்துவிடக் கூடாது. அடுத்தது, சில தராசுகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் அணைந்துபோனால் எடுத்த எடை போச்சு. அதனால் ஒவ்வொரு எடையையும் எடுத்த உடனே குறித்துவிடுங்கள். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கப் பிரிக்காத 1 கிலோ உப்பு பாக்கெட்டை வையுங்கள். கவரின் எடையும் சேர்ந்து ஆயிரத்துக்குச் சில கிராம் கூடுதலாகக் காட்டினால் தராசு நன்றாக இருக்கிறது.

இரண்டாவது, அளவு ஸ்பூன் செட். எண்ணெய்க்கும் நெய்க்கும் மட்டும். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. நம் வீட்டில் 'ஒரு ஸ்பூன்' என்று சொல்வது இரண்டுமில்லை.

ஆப்புக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். முதல் ஒரு மாதத்துக்கு இலவசப் பிரிவே போதும். வருடச் சந்தா கட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்: சொந்தமாக ஒரு உணவையும் ஒரு ரெசிப்பியையும் சேர்க்கும் வசதி இலவசமா, பார்கோடு வருடும் வசதி இலவசமா. பார்கோட்டுக்குச் சில ஆப்கள் காசு கேட்கின்றன. முதல் வசதி இல்லாத ஆப்பைத் தொடவே வேண்டாம். இரண்டாவது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள். அன்றைக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பால், தேங்காய், முட்டை என அடிப்படைப் பொருட்களைப் போட்டு முடித்துவிடலாம். பதார்த்தங்களை ஒரே நாளில் போட முயல வேண்டாம். சமைக்கும் அன்றைக்கு அந்தந்தப் பதார்த்தத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தால் மூன்று நான்கு வாரத்தில் பட்டியல் நிறைந்துவிடும்.

2. எண்களை எங்கிருந்து எடுப்பது

இந்தியப் பொருட்களுக்கு முதலிடம் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைக்கு. 'ஐஎஃப்சிடி 2017' என்று தேடினால் கிடைக்கும். நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரிகளை எடுத்து, ஆய்வகத்தில் சோதித்து, 528 உணவுப் பொருட்களுக்கு எண்கள் கொடுத்திருக்கிறார்கள். கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை, வாழைப்பூ என நம் பொருட்கள் எல்லாம் இருக்கின்றன.

அதில் இரண்டு விஷயங்கள் புதியவர்களைத் தடுமாற வைக்கும். ஒன்று, அந்த அட்டவணையில் ஆற்றல் கிலோ ஜூலில் இருக்கிறது. அதை 4.184ஆல் வகுத்தால்தான் கலோரி. தீட்டிய பச்சரிசிக்கு 100 கிராமுக்கு 1491 என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வகுத்தால் 356 கலோரி. இன்னொன்று, அங்கே இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருட்கள். இட்லி, பொங்கல், வத்தக்குழம்பு என்று தேடினால் கிடைக்காது. நமக்கும் அவை அங்கே தேவையில்லை.

அங்கே கிடைக்காத பொருட்களுக்கும் வெறுமனே வேகவைத்த பொருட்களுக்கும் அமெரிக்க வேளாண் துறையின் 'ஃபுட்டேட்டா சென்ட்ரல்' தளம் இருக்கிறது. இலவசம், கணக்கு தொடங்கவும் வேண்டாம். தேடும்போது 'ஃபவுண்டேஷன்' அல்லது 'எஸ்ஆர் லெகஸி' என்ற பிரிவில் வருவதை எடுங்கள். 'பிராண்டட்' என்ற பிரிவில் வருவது கம்பெனிகளின் லேபிளில் இருக்கும் எண். உங்களிடம் இருப்பது அதே பாக்கெட்டாக இருந்தால் ஒழிய அது உதவாது.

மூன்றாவது மூலம், பாக்கெட்டின் பின்பக்கம். அதைத் தனியாக ஆறாம் படியில் சொல்கிறேன்.

ஆப்பிலேயே தேடி எடுக்கத்தான் வேண்டும் என்றால், மூலத்தைக் காட்டும் ஆப்பாகப் பாருங்கள். குரோனோமீட்டர் ஒவ்வொரு பதிவின் கீழும் அந்த எண் எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று காட்டுகிறது. பயனர்கள் அனுப்பும் பாக்கெட் உணவுகளை ஊழியர்கள் பார்த்த பிறகே சேர்க்கிறார்கள். மைஃபிட்னஸ்பால், ஃபேட்சீக்ரெட் போன்றவற்றில் பயனர் பதிவுகள் ஏராளம். அதனால் அவை கெட்டவை என்று ஆகிவிடாது. நான்காயிரம் பேர் போட்ட பட்டியலாக இருந்தாலும் உங்கள் சொந்தப் பதிவுகளை மட்டும் பயன்படுத்தினால் எந்த ஆப்பிலும் நிம்மதியாக இருக்கலாம். பதிவின் பக்கத்தில் இருக்கும் பச்சை டிக்கை மட்டும் பார்த்துவிட்டு நம்பிவிட வேண்டாம். அடுத்த படியில் உள்ள சோதனையை அதற்கும் செய்யுங்கள்.

3. எந்தப் பதிவையும் 4-4-9 போட்டுப் பாருங்கள்

இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலே பாதிக் குப்பையை ஒதுக்கிவிடலாம். 1 கிராம் புரதத்துக்கு 4 கலோரி, 1 கிராம் மாவுச்சத்துக்கு 4, 1 கிராம் கொழுப்புக்கு 9. மூன்றையும் பெருக்கிக் கூட்டினால், பதிவில் உள்ள மொத்தக் கலோரிக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. 'சிக்கன் குழம்பு, 1 கப், 150 கலோரி, புரதம் 25, மாவுச்சத்து 8, கொழுப்பு 14' என்று ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25ஐ 4ஆல் பெருக்க 100. 8ஐ 4ஆல் பெருக்க 32. 14ஐ 9ஆல் பெருக்க 126. மொத்தம் 258. மேலே போட்டிருப்பதோ 150. ஏதோ ஓர் எண் பொய். எது என்று தோண்டிக்கொண்டிருக்காமல் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.

பத்து சதவீதம் வரை முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. நார்ச்சத்தைக் கணக்கிடும் விதத்திலும், எண்களை முழுமையாக்குவதிலும் அவ்வளவு வித்தியாசம் வரும்.

கூடவே இரண்டு குறுக்குவழிச் சோதனைகள். சுத்தமான எண்ணெயே 100 கிராமுக்கு 900 கலோரிதான். உலகத்தில் எந்த உணவும் அதைத் தாண்ட முடியாது. தாண்டியிருந்தால் யாரோ கிலோ ஜூலைக் கலோரிக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஆட்கள் இதை அதிகம் கவனிக்க வேண்டும். அங்கே பாக்கெட்டில் கிலோ ஜூல்தான் முன்னால் நிற்கும். அடுத்தது, 100 கிராம் உணவில் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றையும் கூட்டினால் 100ஐத் தாண்டக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனையில் தேறிவிட்டால் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்றுதான் அர்த்தம். அது உங்கள் தட்டில் இருக்கும் உணவுதானா, அளவு அதுதானா என்பதை இது சொல்லாது.

4. பச்சையா, வெந்ததா?

இங்கேதான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். 100 கிராம் அரிசி 356 கலோரி. அதே அரிசி வெந்து சாதமானால் 100 கிராமுக்கு 130 கலோரி அளவுதான், ஏனென்றால் மிச்சமெல்லாம் தண்ணீர். ஆப்பில் இரண்டுமே வெறும் 'ரைஸ்' என்று கிடக்கும். தட்டில் 200 கிராம் சாதம் வைத்துவிட்டுப் பச்சரிசிப் பதிவைத் தேர்ந்தெடுத்தால் 260 கலோரி 712 ஆகிவிடும். சிக்கனில் இது தலைகீழாக நடக்கும். பச்சை நெஞ்சுக்கறி 100 கிராமுக்கு 120 கலோரி. வாட்டிய பிறகு தண்ணீர் வற்றி அதே 100 கிராம் 165 கலோரி ஆகும்.

சாதத்துக்கு ஒரு தரம் இப்படிச் செய்து பாருங்கள். 200 கிராம் அரிசியை எடைபோட்டு, வழக்கம்போலத் தண்ணீர் வைத்துக் குக்கரில் சமையுங்கள். வெந்ததும் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டுச் சாதத்தை எடைபோடுங்கள். 560 கிராம் வந்தது என்றால், மொத்தக் கலோரி 712ஐ 560ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். உங்கள் வீட்டுச் சாதம் 100 கிராமுக்கு 127 கலோரி. குழைவாகச் சமைக்கும் வீட்டில் இது இன்னும் குறையும், உதிரியாகச் சமைத்தால் கூடும். கஞ்சி வடிக்கும் வீடானால் வடித்த தண்ணீரோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடும். இந்தக் கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

'கப்' என்று அளவு போட்ட பதிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, நம் காபி டம்ளர் அதிலும் சேராது. கிராமில் அளவு இல்லாத எந்தப் பதிவும் உங்களுக்கு வேண்டாம்.

5. வீட்டுப் பட்டியலை உருவாக்குவது

வேலைகளிலேயே பெரியது இதுதான். பலனும் இதில்தான் இருக்கிறது.

முதலில், வீட்டில் இருக்கும் சமையல் பாத்திரங்களைக் காலியாக எடைபோட்டு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். 'சாம்பார் குண்டான் 680, குக்கர் உள்பாத்திரம் 410, இரும்புக் கடாய் 1240' என்கிற மாதிரி. கொதிக்கும் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சூடு கொஞ்சம் தணிந்ததும் அப்படியே தராசில் வைத்து, தாளில் உள்ள எண்ணைக் கழித்தால் போதும். சூடான பாத்திரத்துக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்து 'டேர்' அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தராசு பாழாகும்.

*இட்லி மாவு.* இட்லி அரிசி 800 கிராம், உளுத்தம்பருப்பு 200 கிராம். புழுங்கலரிசிக்கு 100 கிராமுக்கு 351 கலோரி, புரதம் 7.8 கிராம், மாவுச்சத்து 77 கிராம். உளுந்துக்கு 324 கலோரி, புரதம் 23, மாவுச்சத்து 51. இரண்டையும் கூட்டினால் மொத்த மாவுக்கும் 3456 கலோரி, புரதம் 108 கிராம் சொச்சம், மாவுச்சத்து 718 கிராம். வெந்தயம் ஒரு ஸ்பூன்தான், விட்டுவிடலாம். அரைத்து முடித்ததும் மாவை எடைபோடுங்கள். 2400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் மாவுக்கு 144 கலோரி, புரதம் 4.5, மாவுச்சத்து 30. புளிப்பதாலும் வேகுவதாலும் இதில் பெரிய மாற்றம் வராது.

இனி இட்லித் தட்டுக் குழி ஒன்றுக்கு எவ்வளவு மாவு ஊற்றுகிறீர்கள் என்று ஒருதரம் பாருங்கள். 50 கிராம் என்றால் ஒரு இட்லி 72 கலோரி, மாவுச்சத்து 15 கிராம். 30 கிராம் ஊற்றும் சின்னக் குழி என்றால் 43 கலோரி, மாவுச்சத்து 9 கிராம். ஆப்பில் 40ம் இருக்கிறது, 70ம் இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டோமே, இரண்டுமே ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியானவைதான். 'ஒரு இட்லி' என்ற அளவே கிடையாது. அதே மாவில் தோசை ஊற்றினால் மாவின் எடையோடு எண்ணெயைச் சேர்த்தால் முடிந்தது. இட்லிக்கும் தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் ஒரே பதிவு போதும், அதுதான் மாவாகப் போட்டு வைப்பதன் வசதி.

கடையில் வாங்கும் மாவில் தண்ணீரின் அளவு கடைக்குக் கடை மாறும். பாக்கெட்டில் சத்து அட்டவணை அச்சிட்டிருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டு மாவின் எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

*சாம்பார்.* துவரம்பருப்பு 100 கிராம்: 331 கலோரி, புரதம் 21.7. நல்லெண்ணெய் 20 கிராம்: 180 கலோரி. காய், வெங்காயம், தக்காளி, புளி, பொடி எல்லாம் சேர்த்து 150 கலோரி அளவு வரும். மொத்தம் 660. இறக்கியதும் எடை 1300 கிராம் என்றால் 100 கிராமுக்கு 51 கலோரி. புரதம் 2 கிராம்தான். 200 கிராம் கிண்ணத்தில் 8 கிராம் புரதம் என்று ஒரு பதிவு சொல்கிறது என்றால், அந்தக் கிண்ணத்துக்குள் மட்டும் கிட்டத்தட்ட 37 கிராம் பருப்பு இருக்க வேண்டும். அது கெட்டிப் பருப்பு, சாம்பார் இல்லை. சைவம் சாப்பிடுபவர்கள் புரதத்தை இப்படிப்பட்ட பதிவுகளை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, போதுமான அளவு கிடைக்கிறது என்று இருந்துவிடுகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே சாம்பார், ரசம், கூட்டு மூன்றையும் கட்டாயம் சொந்தமாகப் போடச் சொல்வேன்.

பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, கடுகு இவற்றை எடைபோட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். காய்களையும் தோராயமாகப் போடலாம். விடக் கூடாதவை ஐந்து: எண்ணெயும் நெய்யும், தேங்காய், சர்க்கரையும் வெல்லமும், பருப்பும் தானியமும், கடலை முந்திரி வகைகள். தேங்காய் 100 கிராமுக்கு 400 கலோரிக்கு மேல். 'சட்னி' என்று தேடிக் கிடைக்கும் பதிவு தக்காளிச் சட்னியாக இருந்தால் உங்கள் தேங்காய்ச் சட்னிக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது.

பொரியலில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் என்பது 120 கலோரி. பதிவுகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். வடை, பூரி சுடும்போது எண்ணெய்க் கடாயை ஏற்றுவதற்கு முன் எடைபோட்டு, சுட்டு முடித்து நன்றாக ஆறிய பிறகு மறுபடி போடுங்கள். குறைந்த எண்ணெயை வடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்று எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும்.

ஆப்பில் சேமிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரே சொல்லைப் போடுங்கள். 'வீடு இட்லி மாவு', 'வீடு சாம்பார்', 'வீடு கத்தரிக்காய் பொரியல்'. தேடும் பெட்டியில் 'வீடு' என்று அடித்ததும் உங்கள் பட்டியல் மட்டும் வந்து நிற்கும், மற்றவர்களின் பதிவு குறுக்கே வராது. பொதுவில் பகிரவா என்று ஆப் கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். உங்கள் வீட்டுச் சாம்பார் அடுத்தவருக்குத் தவறான சாம்பார்.

6. பாக்கெட் உணவும் பார்கோடும்

பார்கோடு வருடினால் வருவது கம்பெனி கொடுத்த எண் என்று நினைத்துக்கொள்கிறோம். பல ஆப்களில் அதுவும் யாரோ ஒரு பயனர் தட்டச்சு செய்ததுதான். செய்முறையைக் கம்பெனி மாற்றினாலும் பழைய எண் அப்படியே கிடக்கும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் முதல் தடவை மட்டும் பின்பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

இந்திய லேபிளில் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு என்று ஒரு பத்தி இருக்கும். ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு வகைகள், சோடியம் எல்லாம் வரும். அந்தப் பத்தியை மட்டும் எடுங்கள். அடிக்கடி நடக்கும் பிழை இது: 100 கிராமுக்கு 480 கலோரி என்று இருப்பதை ஒருவர் '1 பாக்கெட் 480' என்று போட்டுவிடுவார். பாக்கெட்டோ 60 கிராம், உண்மையில் 288 கலோரிதான்.

பாலில் இன்னொரு சிக்கல். 'ஆவின் பால்' என்று மட்டும் இருக்கும் பதிவை எடுக்காதீர்கள். நீல பாக்கெட் சமன்படுத்திய பால், கொழுப்பு 3 சதவீதம், 100 மில்லிக்கு 58 கலோரி அளவு. ஆரஞ்சு பாக்கெட் நிறைகொழுப்புப் பால், 6 சதவீதம், 87 கலோரி அளவு. காபி, மோர், தயிர் என்று ஒருவர் பங்கில் தினம் அரை லிட்டர் போகும் வீட்டில் இது ஒரு நாளைக்கு 150 கலோரி வித்தியாசம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் லேபிளில் மாவுச்சத்து என்று இருப்பதில் நார்ச்சத்து சேராது, அமெரிக்க லேபிளில் சேர்ந்தே இருக்கும். அமெரிக்கப் பழக்கத்தில் நார்ச்சத்தைக் கழிப்பவர்கள் ஐரோப்பியப் பாக்கெட்டிலும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். ஐரோப்பாவில் சோடியத்துக்குப் பதில் உப்பு என்று போடுவார்கள். அதை 2.5ஆல் வகுத்தால்தான் சோடியம். அமெரிக்காவில் ஒரு பரிமாறலுக்கு 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூஜ்ஜியம் என்று அச்சிடலாம். எண்ணெய் ஸ்பிரே டப்பாவில் பூஜ்ஜியம் வருவது அப்படித்தான், உள்ளே இருப்பது எண்ணெயேதான்.

லேபிளின் படத்தோடு ஒப்பிட விரும்பினால் 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' என்ற இலவசத் தளத்தைப் பாருங்கள். அதுவும் பயனர்கள் சேர்ப்பதுதான். ஆனால் பாக்கெட்டின் புகைப்படமும் கூடவே இருப்பதால் எண்ணைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

7. வெளியில் சாப்பிடும் நாட்களில்

இந்தியாவில் பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்களும் மத்திய உரிமம் பெற்றவையும் மெனுவில் கலோரியைக் காட்ட வேண்டும் என்பது விதி. அங்கே அந்த எண்ணையே போடுங்கள். தெருமுனைப் பரோட்டா கடைக்கு எந்த எண்ணும் கிடைக்காது. உங்கள் வீட்டுப் பதிவில் நெருங்கியதை எடுத்து, கூடுதலாக ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டீஸ்பூனுக்கு 40 கலோரி. படம் எடுத்தால் கலோரி சொல்லும் வசதிகள் இப்போது வந்துவிட்டன. குருமாவுக்குள் இருக்கும் முந்திரியும் தேங்காயும் கேமராவுக்குத் தெரியாது.

8. பூஜ்ஜியம் என்று காட்டினால் நம்பாதீர்கள்

இதை நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும். பயனர் ஒரு பதிவைச் சேர்க்கும்போது கலோரியும் புரதமும் போடுவார். பொட்டாசியம், சோடியம், இரும்பு என்ற கட்டங்களைக் காலியாக விட்டுவிடுவார். நாளின் கடைசியில் ஆப் கூட்டும்போது அந்தக் காலிக் கட்டங்கள் பூஜ்ஜியமாகிவிடும். பொட்டாசியம் நிறைய உள்ள இளநீரும் கீரையும் சாப்பிட்ட நாளில்கூட 'இன்று பொட்டாசியம் குறைவு' என்று வரலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தைரியமாக இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால் ஆபத்து. ரத்த அழுத்தத்துக்காகச் சோடியத்தை எண்ணுபவர்களுக்கும் இதே கதைதான். ஊறுகாய்க்குச் சோடியம் பூஜ்ஜியம் என்று கிடக்கும்.

எனவே பொட்டாசியம், சோடியம் மாதிரியான கணக்கு தேவைப்பட்டால், அந்தக் கட்டங்கள் நிரம்பிய ஐஎஃப்சிடி அல்லது அமெரிக்க அட்டவணைப் பதிவுகளை மட்டும் பயன்படுத்துங்கள். சமையலில் போடும் உப்பைத் தனியாக எழுதுங்கள். 1 கிராம் உப்பு என்றால் 400 மில்லிகிராம் சோடியம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பயனர் பதிவின் மாவுச்சத்து எண்ணை வைத்து டோஸைத் தாங்களாக மாற்றவே கூடாது. மேலே பார்த்த இட்லியில் ஒன்றுக்கு 9 கிராமா 15 கிராமா என்பது நான்கு இட்லியில் 24 கிராம் வித்தியாசமாகிவிடும். எடைபோட்டு உருவாக்கிய வீட்டுப் பட்டியலை டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு அதையே பின்பற்றுங்கள். எண்களைப் பார்த்துச் சாப்பிடவே பயம் வருகிறது, சாப்பிட்ட பிறகு குற்ற உணர்ச்சி வருகிறது என்றால் ஆப்பை மூடி வைத்துவிட்டு அவர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

9. இரண்டு மூன்று வாரம் கழித்து உடல் எடையோடு ஒப்பிடுங்கள்

தினமும் காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்து வாரச் சராசரியை எடுங்கள். ஒரே நாள் எண்ணில் தண்ணீரும் உப்பும் விளையாடும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுவதாக ஆப் சொல்லியும் மூன்று வாரமாகச் சராசரி நகரவில்லை என்றால் கணக்கில் எங்கோ ஓட்டை. நீங்கள் செலவழிக்கும் கலோரியை ஆப் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பதிவுகளில் தேடுவதானால் எண்ணெய், தேங்காய், காபியில் சேரும் பாலும் சர்க்கரையும், சமைக்கும்போது வாயில் போட்டுக்கொள்வது என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே அகப்பட்டுவிடும்.

10. பொதுப் பட்டியலில் தவறைக் கண்டால்

பாக்கெட் உணவுக்கு மட்டும் திருத்தம் அனுப்புங்கள். வீட்டுச் சமையலுக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சரியான எண் கிடையாது, அதைத் திருத்திப் பயனில்லை. அனுப்புவதற்கு முன் நான்கு படங்கள் எடுத்து வையுங்கள்: பாக்கெட்டின் முன்பக்கம், சத்து அட்டவணை, நிகர எடை உள்ள இடம், பார்கோடு. வெளிச்சத்தில், மடிப்பில்லாமல், எண்கள் தெளிவாகத் தெரியும்படி. அட்டவணையை நிரப்பும்போது பரிமாறல் அளவு என்ற இடத்தில் '100 கிராம்' என்றே போடுங்கள். தெரியாத சத்துக்குப் பூஜ்ஜியம் போடாமல் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பெயரில் நாட்டையும் வகையையும் சேருங்கள், 'இந்தியா, நிறைகொழுப்பு' என்கிற மாதிரி.

திருத்தம் உடனே ஏறிவிடாது. சில ஆப்களில் யாராவது பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை பழைய எண்ணே நிற்கும், சிலவற்றில் நாளைக்கே வேறொருவர் அதை மாற்றியும் விடலாம். அதற்காகக் காத்திருக்காமல், அதே எண்களை 'வீடு' என்ற முன்சொல்லோடு உங்கள் பட்டியலிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த படங்களை போனில் ஒரு தனி ஆல்பத்தில் வைத்திருங்கள். அடுத்த முறை பாக்கெட் வாங்கும்போது அட்டவணை மாறியிருக்கிறதா என்று அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.